பேர் கூப்பிடும் வழக்கம்

கல்லூரிக்கு ஒழுங்காக வராத பையனைக் கூப்பிட்டு விசாரித்தால், வகுப்புக்கு ஒருவனாவது ராமானுஜன் பேரை எடுப்பான். "ராமானுஜன் என்ன, டெய்லி காலேஜுக்குப் போயா மேடம் பெரிய ஆளானார்?" கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்களில் அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு நடத்தியே ஓய்வு பெற்றவள் நான். மற்ற ஊர் ஆசிரியர்களைவிட எனக்கு இந்தக் கேள்வி அதிகமாகவே வந்திருக்கும். கேட்ட பையனை உட்கார வைத்து நடந்ததைச் சொல்வேன். அந்தப் பேச்சு முடிய ஒரு பீரியட் ஆகும். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ராமானுஜன் 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, அடுத்த வருஷத் தொடக்கத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். தமிழறிஞர் உ.வே.சா. அந்தக் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்போதுதான் சென்னைக்கு மாறிப் போயிருந்தார். காவிரியைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். தண்ணீர் ஓடினால் ஓடம், வற்றினால் மணலில் நடை. ராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. வீட்டில் வறுமை, அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அந்த உதவித்தொகைதான் படிப்புக்கு ஆதாரம். வகுப்பில் ஆங்கிலம் நடந்தாலும் வரலாறு நடந்தாலும் உடலியல் நடந்தாலும் அவர் கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். ஆங்கிலத்தில் தவறினார். மேல் வகுப்புக்குப் போக முடியவில்லை, உதவித்தொகை நின்றது. 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். பையனைக் காணவில்லை என்று வீட்டார் இந்து நாளிதழில் அறிவிப்புக் கொடுக்கும்படி ஆயிற்று.

பிறகு திரும்பி வந்தார், கல்லூரியும் மறுபடி சேர்த்துக்கொண்டது. ஆனால் விட்டுப்போன நாட்களை எங்கிருந்து கொண்டுவருவது? வருகை போதாததால் 1905ஆம் வருஷத்துக்கான டேர்ம் சர்டிபிகேட் அவருக்குக் கிடைக்கவில்லை. 1927இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பின் முகப்பில் இருக்கும் வாழ்க்கைக் குறிப்பில் இதைக் காணலாம். எழுதியவர்கள் பி.வி. சேஷு ஐயரும் ஆர். ராமச்சந்திர ராவும். சேஷு ஐயர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்தவர், ஆகவே காதில் விழுந்த கதையை எழுதியவர் அல்ல. 1906இல் ராமானுஜன் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப்.ஏ. எழுதினார், தேறவில்லை. அதற்குப் பின் வருஷக்கணக்கில் கல்லூரியும் இல்லை, நிலையான வேலையும் இல்லை. கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான தேற்றங்களை அதிகம் நிரூபணமில்லாமல் அடுக்கிய புத்தகம் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகக் கணக்குப் போட்டார். ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடித்து முடிந்திருந்த பலவற்றை அவர் மறுபடி தானே கண்டுபிடித்தார்.

அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட கணித அறிஞர் ஹார்டி, ராமானுஜன் சின்ன வயதில் இறந்ததைவிட, வழிகாட்ட ஆளில்லாமல் தனியே கழிந்த அந்த இளம் வருஷங்களையே பெரிய சோகமாக எழுதினார். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரைதான் கணித அறிவு முறுக்கேறும் பருவம், அது வீணடிக்கப்பட்டுவிட்டது என்பது அவர் வருத்தம். கேம்பிரிட்ஜுக்குப் போன ராமானுஜன் அங்கே விரிவுரை வகுப்புகளில் போய் உட்கார்ந்தார் என்பதையும் அந்தப் பையன்களிடம் மறக்காமல் சொல்வேன். வகுப்பு வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவருக்கு ஏற்ற வகுப்பு கும்பகோணத்தில் அமையவில்லை. அவர் இடம் காலியானபோது கணக்கு வைத்தார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த டேர்ம் சர்டிபிகேட் எங்கிருந்து வந்தது?

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் பிறந்தன. சென்னையின் சட்டம் செப்டம்பர் 5ஆம் தேதி வந்தது, அந்த வருஷத்தின் 27ஆவது சட்டம். மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அந்நாளைய சென்னைப் பல்கலைக்கழகம் ஒருவருக்கும் பாடம் நடத்தவில்லை. பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். பாடம் நடத்தியவை கல்லூரிகள்: 1841இல் பவல் தலைமையில் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கி 1855இல் பிரசிடென்சி கல்லூரியானது, ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கிறித்தவக் கல்லூரி, பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி, கும்பகோணம், திருச்சி என்று பல. தான் நடத்தாத பாடத்துக்குத் தான் பட்டம் கொடுக்க வேண்டுமானால், இந்தப் பையன் உண்மையிலேயே படித்தானா என்று பல்கலைக்கழகத்துக்கு யார் சொல்வது? ஆகவே சட்டத்திலேயே வழி செய்தார்கள். அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றில் குறித்த படிப்பை முடித்தான் என்று சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். செனட் தனி உத்தரவு போட்டால் மட்டும் விலக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்மாதிரியான லண்டனே மறு வருஷம், 1858இல், அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. எந்தக் கல்லூரியிலும் படிக்காதவரும் வந்து பரீட்சை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. இங்கே கதவு மூடியே இருந்தது. கல்லூரிகள் குறைவாகவும், படிக்க ஆசைப்பட்டவர்கள் ஊர் ஊராகச் சிதறியும் கிடந்த நாட்டில் வருகைச் சான்றிதழை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போவான் என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம். கல்லூரியில் நாலு பேரோடு இருந்து பழகினால்தான் படிப்பு ஒட்டும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன். அந்த நம்பிக்கை தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே அந்தச் செமினரி மூடப்பட்டுவிட்டது. பட்டம் சென்னையில் வாங்கினாலும், அவர்களை ஆளாக்கிய வகுப்பறை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வருகையை எண்ணும் முறை ஊருக்கு ஊர் வேறுபட்டது. பழைய கேம்பிரிட்ஜில் விரிவுரைக்கு வந்தாயா என்பதைவிட, பருவத்தில் எத்தனை இரவு ஊரில் தங்கினாய் என்பதே கணக்கு. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர்களுக்கு விருந்துக் கணக்கு. பருவத்துக்கு இருபத்துநாலு விருந்து நடக்கும், ஆறிலாவது கலந்துகொள்ள வேண்டும், அப்படிப் பன்னிரண்டு பருவம் என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மூத்த வழக்கறிஞர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிப் பழகினால் தொழில் வரும் என்று பழைய காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது. காந்தியின் காலத்தில் பேச்சு போய் விருந்து மட்டும் நின்றிருந்தது. எதற்காக எண்ணத் தொடங்கினோம் என்பது மறந்து போனபின் எண்ணிக்கை மட்டும் தங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நம் ஊரில் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய பதில் அந்தத் தொகுதியிலேயே மிக விரிவானது. தரம்பால் 1983இல் அச்சில் கொண்டுவந்த ஆவணங்களில் அது இருக்கிறது. பெல்லாரி மாவட்டத்தில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்காகச் சரஸ்வதி பேரை எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு சுழி, பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு லேசாக ஒரு அடி. நாலாவதற்கு இரண்டு. அதற்குப்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள்.

இந்தப் பத்தியை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அதே அறிக்கையின் இன்னொரு பத்தியையும் உடனே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று காம்ப்பெல்லே எழுதுகிறார். ஐரோப்பியத் துணி வந்து நெசவு படுத்துவிட்டது, நாட்டின் செல்வம் வெளியே போகிறது, நடுத்தரக் குடும்பமும் ஏழைக் குடும்பமும் பள்ளிச் செலவைத் தாங்க முடியவில்லை, கைகால் கொஞ்சம் உரம் பெற்றதும் பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கும்பனி கலெக்டர் தம் மேலிடத்துக்கே எழுதிய வார்த்தை இது. பிரம்படியைக் கண்டவர் அதோடு நிற்கவில்லை. வராத பிள்ளை எங்கே போனான் என்றும் பார்த்தார். இருநூறு வருஷம் கழித்து நான் பாடம் நடத்திய ஊர்களில் நெசவு வேறாகவும் வயல் வேறாகவும் இருந்தன. காரணம் அநேகமாக அதேதான்.

குருகுலத்தில் வருகைக் கணக்கே இல்லை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ.வே.சா. 1876இல் அவர் மறையும்வரை கூடவே இருந்தார். பிள்ளையவர்கள் போகிற இடமெல்லாம் பள்ளிக்கூடம். திருவாவடுதுறை மடத்தில், வழிப்பயணத்தில், வீட்டுத் தோட்டத்தில் பாடம் நடந்தது. அங்கே வராமல் இருப்பது என்றால் ஆசிரியரைவிட்டே போய்விடுவது என்றுதான் பொருள். ஆனால் அந்த முறை எத்தனை பேருக்குக் கிடைத்தது? சாதியும் வசதியும் சிபாரிசும் கூடிவந்த சிலருக்கு. பேர் கூப்பிடும் வழக்கம் வந்த இடத்தில்தான் யாருடைய பேரும் கூப்பிடப்படலாம் என்ற நிலைமையும் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, சண்டை போட்டுத்தான் வந்தது, ஆனால் வந்தது.

அதைச் சொல்லும்போது முத்துலட்சுமி ரெட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதித்ததால் இடம் கிடைத்தது. மூடு வண்டியில் வருவார். வகுப்பில் பையன்கள் பார்க்காதபடி திரை கட்டியிருக்கும், ஆசிரியருக்கு மட்டும் தெரியும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டுத்தான் அவர் எஃப்.ஏ. தேறினார், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912இல் மருத்துவரானார். பெண்களுக்கென்று சென்னையில் அரசு தொடங்கிய கல்லூரி, பின்னாளில் குயின் மேரிஸ் என்று பேர் பெற்றது, 1914இல்தான் வந்தது. அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு வகுப்பில் போய் உட்காருவது என்பதே வென்றெடுத்த உரிமை. எழுபத்தைந்து சதவீத வருகை வேண்டும் என்று அவர்களை ஒருவரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

பள்ளி வருகைக்கு இந்த மாகாணம் கண்ட மருந்து சோறு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். கல்லூரிக்கு வந்த மருந்துகள் விடுதி, பஸ் பாஸ், உதவித்தொகை, 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு அரசு கலைக் கல்லூரியின் முதலாண்டு வருகைப் பதிவேட்டை ஒரு பருவம் கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீள நோட்டு, கெட்டி அட்டை. இடப்பக்கம் ரோல் நம்பர், பேர். மேலே தேதி, தேதிக்குக் கீழே எத்தனையாவது பீரியட் என்ற எண். வந்தவர் கட்டத்தில் நீல மையில் ஒரு கோடு, வராதவர் கட்டத்தில் சிவப்பு மையில் ஆங்கிலச் சின்ன எழுத்து ஏ. மாதக் கடைசியில் குறுக்கே கூட்டி ஓரத்தில் எழுதுவோம். பேர் கூப்பிட்டால் "பிரசன்ட் மேடம்" என்பார்கள். தமிழ் வகுப்பில் "உள்ளேன் ஐயா", "உள்ளேன் அம்மா". ப்ராக்ஸி கொடுக்கிற குரல் கொஞ்சம் அவசரமாக வரும், அதைக் கண்டுபிடிக்க முதல் மாதமே பழகிவிடும். கல்லூரி அணிக்காக விளையாடப் போனவர்களுக்கு ஓ.டி. என்று பென்சிலில் குறித்து, கடிதம் வந்ததும் மையால் எழுதுவோம்.

பக்கத்தை நிமிர்த்திப் பார்த்தால் ஊர் தெரியும். திங்கட்கிழமை முதல் பீரியடில் ஒரே பாதையில் வரும் ஆறேழு பேருக்குச் சேர்ந்தாற்போலச் சிவப்பு விழுந்திருந்தால் டவுன் பஸ் வரவில்லை என்று அர்த்தம். நடவிலும் அறுவடையிலும் கரையோரக் கிராமத்துப் பேர்கள் விட்டு விட்டு நிற்கும். ஒரு வருஷம் பஸ் பிரச்சினை தீரவே இல்லை என்பதால் எங்கள் துறையில் முதல் பீரியட் பாடத்தை மூன்றாவதற்கு மாற்றி வைத்தோம். டைம்டேபிள் போடுகிறவர் முணுமுணுத்தார், ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு பையனின் வரிசை எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஆடி மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் வந்திருந்தான். ஆவணி பிறந்ததும் ஓட்டை விழ ஆரம்பித்தது. புரட்டாசியில் மறுபடி ஒழுங்கு. மார்கழியில் ஒரு சிவப்பு இல்லை, தையில் வரிசையாகச் சிவப்பு. காய்ச்சல் இப்படி வராது. தினசரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் வராத நாளெல்லாம் முகூர்த்த நாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"கேட்டரிங்ல பந்தி பரிமாறப் போறேன் மேடம். முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் காலை டிபன், மதியச் சாப்பாடு, மூணும் முடிச்சாத்தான் ஐநூறு ரூபா."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும். தங்கச்சி நர்சிங் படிக்குது மேடம். அது ஃபீஸு."

எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. ரிசப்ஷனுக்கு மட்டும் போ, காலையில் வகுப்புக்கு வா என்று சொன்னேன். காண்டிராக்டரிடம் பேசிப் பார்த்தான். பாதி முகூர்த்தம் அப்படி ஒத்துக்கொண்டார்கள், கூலியும் பாதி. அந்தப் பருவத்தில் எழுபத்தைந்து சதவீதம் வரவில்லை, வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் பணம் கட்டித்தான் பரீட்சை எழுதினான். கட்டிய பணமும் பந்தியில் சம்பாதித்ததுதான். அடுத்த பருவத்தில் குறையாமல் வந்தான். அந்தக் கட்டங்களைக் கூட்டிச் சதவீதம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால், அவன் பேர் ஷார்ட்டேஜ் பட்டியலில் ஒரு வரி. நாள் நாளாகப் பார்த்ததால் ஒரு குடும்பம் தெரிந்தது.

அவன் தவறவிட்ட வகுப்பில் என்ன போயிற்று? நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டை நடத்துவேன். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921 ஆகிய இரண்டு வருஷத்துக் கல்வெட்டுகள். குடவோலை முறை எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும்: பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. அதோடு புத்தகம் முடிந்துவிடும். வகுப்பில் தகுதி விதிகளை ஒவ்வொன்றாகப் படிப்போம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதப் படிப்பு வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகாது. ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்ப நிலமில்லாதவங்க பேர் குடத்துக்குள்ளயே போகாதா மேடம்?" என்று கேட்டாள். வயலில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை. அந்தக் கேள்விக்குப் பின் அந்த வகுப்பே மாறிவிட்டது. தேர்தல் என்பது எது, ஊர் யாருடையது, பிரம்மதேயம் என்றால் என்ன என்று பேச்சு மணி அடித்த பிறகும் நீண்டது. எந்த கைடிலும் அந்த ஒரு மணி நேரம் கிடையாது. அன்றைக்கு வராதவர்களுக்கு நான் மறுநாள் சுருக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வி அவர்கள் காதில் அவள் குரலில் விழவில்லை.

அவள் வராமல் இருந்திருந்தால் மற்றவர்களுக்கும் அந்தப் பாடம் கிடைத்திருக்காது. வருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு பிள்ளை வராவிட்டால் அவன் மட்டும் இழப்பதாகவே நினைக்கிறோம்.

வராமல் இருப்பதற்கும் இந்த நாட்டில் பெருமைமிக்க வரலாறு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1920இல் காந்தி ஒத்துழையாமையை அறிவித்தபோது அரசுக் கல்லூரிகளைவிட்டு வெளியே வரச் சொன்னார், பலர் வந்தார்கள். 1942இலும் வந்தார்கள். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார். ஒன்றாகக் கூடி, காரணம் சொல்லி, விலை கொடுத்து வெளியே நின்றார்கள். அதை யாரும் வருகைக் குறைவு என்று சொல்ல மாட்டார்கள்.

கல்லூரிக்கு வரவே முடியாதவர்களுக்கும் கதவு திறக்கப் பல காலம் ஆயிற்று. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. இங்கே மதுரை 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல் தொடங்கின. பஸ் கண்டக்டர்களும் போலீஸ்காரர்களும் கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்களும் பட்டம் வாங்கியது இந்தக் கதவு வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளில் நான் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த வகுப்புக்கு வருகைக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் கைக்குழந்தையோடு முதல் பஸ் பிடித்து வந்து முன் வரிசையில் உட்காருவார்கள். ஒழுங்கான கல்லூரி கிடைக்காதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிந்திருந்தது.

எழுபத்தைந்து என்ற எண் இப்போது பெரும்பாலான இடங்களில் நிலைத்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2003ஆம் வருஷத்து விதிமுறைகள், பரீட்சை எழுத வேண்டிய வருகை பொதுவாக எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றன. சட்டப் படிப்புக்கு பார் கவுன்சிலின் 2008 விதிகள் எழுபது கேட்கின்றன. 1978இல் தமிழ்நாட்டில் முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் வந்து, உள்மதிப்பீடு பரவிய பிறகு, பல கல்லூரிகளில் வருகைக்கே மதிப்பெண் வைத்தார்கள். வந்தால் ஐந்து மார்க் என்று. நான் அதை ஆரம்பம் முதல் எதிர்த்தேன். வந்து உட்கார்ந்ததற்கு மார்க் கொடுத்தால், வந்து உட்காருவதே படிப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது அது கண்கூடாகத் தெரிந்தது. திரையில் அறுபது பேர், அறுபதும் கறுப்புக் கட்டம். பேர் இருந்தது, ஆள் இருந்தாரா என்று தெரியவில்லை. அப்போதும் ஒரு போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, மாடியில் ஏறி நின்று சிக்னல் தேடிப் பாடம் கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது கைரேகை, முகம் பார்க்கும் செயலி, வராவிட்டால் பெற்றோர் போனுக்கு உடனே குறுஞ்செய்தி. எண்ணுவது மிகச் சுலபமாகிவிட்டது. எண்ணுகிற கருவி பெருகப் பெருக, கேட்கிற ஆள் குறைந்துகொண்டு வருகிறார் என்பதுதான் என் கவலை. பருவக் கடைசியில், ஹால் டிக்கெட் கொடுக்கிற நேரத்தில், அறுபத்திரண்டு சதவீதம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதால் யாருக்கு என்ன பயன்? அந்தப் பிள்ளை முதல் தடவை தொடர்ந்து மூன்று நாள் வராதபோது கேட்டிருக்க வேண்டும்.

விதியைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்லூரி வகுப்பு என்பது இந்த மண்ணில் திரை கட்டி உட்கார்ந்தும், பட்டினியோடு நடந்தும் சம்பாதித்த இடம். அதை ஒருவர் சும்மா விட்டுவிடக் கூடாது, விடுவதற்கு நாமும் வழி செய்யக் கூடாது. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: செயலியில் பதிவு செய்தாலும் வாரம் ஒருமுறை பக்கத்தை நிமிர்த்திப் பாருங்கள், தொடர்ந்து சிவப்பு விழும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள். டைம்டேபிளை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு: தினமும் வா. உன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் நீ என்றால் இன்னும் கட்டாயமாக வா. வர முடியாத நிலைமை வந்தால் அதை உனக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, அந்த வாரமே ஒரு ஆசிரியரிடம் போய்ச் சொல்.